பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம்

உங்கள் வீட்டு ரிவிக்குப் படம் எந்த வழியால் வருகிறது என்று முதலில் பாருங்கள். கூரையில் வட்டத் தட்டு வைத்து டயலொக் போன்ற செய்மதிச் சேவை எடுத்திருக்கிறீர்களா? ரெலிகொம் இணைப்போடு பியோ ரிவி வருகிறதா? அப்படியானால் அனலொக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறுகிற நாளில் உங்கள் ரிவியில் ஒரு மாற்றமும் தெரியாது. கேபிள் இணைப்பு உள்ளவர்களுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். வேண்டிய மாற்றத்தை கேபிள்காரர் தன் பக்கத்தில் செய்துகொள்வார். இந்த அத்தியாயம் மீன்முள்ளு மாதிரியான அன்ரனாவைக் கம்பத்தில் கட்டி ரூபவாஹினியும் நேத்ராவும் வசந்தமும் சக்தியும் பார்க்கிறவர்களுக்கு.

தட்டு வைத்திருப்பவர்களும் இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போகலாம். திருகோணமலையில் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடை மழை. செய்மதி அலைக்குக் கனமழை ஆகாது. மழை இறுகி அடிக்கும்போது தட்டுப் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு முழுவதும் போய்விடும். புயல் செய்தி வேண்டிய நேரமும் அதுதான். தரையிலிருந்து வரும் ரிவி அலைக்கு மழை பெரிய தடையல்ல. ஆகவே தட்டு வந்த பிறகு பழைய அன்ரனாவைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கம்பியாகக் கொடுத்தவர்கள், டிஜிட்டல் வரும்போது மறுபடி ஒன்று கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். மாதக் கட்டணமும் இல்லை.

எந்த முறை என்பதுதான் முதற் கேள்வி

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில், ஐரிஎன் வழியாக. ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியது. வீட்டு அன்ரனாக்கள் அந்தக் காலத்திலிருந்து பிடித்து வருவது அனலொக் அலைகளை. டிஜிட்டலுக்கு மாறுவது என்று பேச்சு வந்தபோது, ஐரோப்பாவின் டிவிபி-ரி2 முறையை எடுப்பதாக முதலில் முடிவாகியிருந்தது. 2014-இல் அதை விட்டு ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறைக்கு அரசு தாவியது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது, இந்த வேலைக்கென்று சுமார் 1,370 கோடி யென் கடனுக்கு இரு நாடுகளும் இணங்கின. மறு ஆண்டு தொடக்கத்தில் ஆட்சி மாறியது. சொன்ன தவணைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒளிபரப்புக்கும் சேர்த்து என்று கட்டிய கொழும்புத் தாமரைக் கோபுரம் 2019-இல் திறப்பு விழாக் கண்டது. 2022-இல் சனம் ரிக்கற் எடுத்து ஏறிப் பார்க்கத் தொடங்கியது. அதே 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியதும் வெளிநாட்டுக் கடனில் ஓடிய வேலைகள் முடங்கின. 2024 யூலையில்தான் ஜப்பான் நிறுத்திவைத்த கடன்களை மறுபடி விட முன்வந்தது.

அரசியல் கதைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு முறையைத் தெரிவுசெய்துவிட்டு இன்னொன்றுக்கு மாறிய நாட்டில், டிஜிட்டல் அலையைப் பிடித்து ரிவிக்குக் கொடுக்கும் பெட்டியை அலை வானில் வருவதற்கு முன்னே வாங்குகிறவருடைய பணம்தான் முதலில் கரையும். டிவிபி-ரி2 பெட்டி ஐஎஸ்டிபி-ரி அலையைப் பிடிக்காது, மறுவளமும் அப்படியே. கடைக்காரர் "இது டிஜிட்டல் ரிவி" என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. எந்த டிஜிட்டல் என்பதை அவரும் பார்த்திருக்கமாட்டார்.

நம் பக்கத்து வீடுகளில் உள்ள ரிவிகள் பெரும்பாலும் மூன்று வழியால் வந்தவை. உள்ளூர்க் கடையில் வாங்கியது ஒன்று. அதன் கையேட்டில், அலை பிடிக்கும் பகுதியைப் பற்றிய வரியில், ஆங்கில எழுத்தில் ஐ, எஸ், டி, பி என்று இருக்கிறதா, டி, வி, பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது அனலொக் மட்டும் பிடிக்கும். இரண்டாவது, கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு இருப்பது: கட்டார், சவூதி, டுபாய் என்று உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த பெரிய ரிவி. வளைகுடா நாடுகள் ஐரோப்பிய முறையில் நிற்பவை. ஆகவே அந்த ரிவிக்கு ஐஎஸ்டிபி-ரி பெட்டி தனியாக வேண்டிவரும். ரிவி வீணாகிவிடவில்லை, அதன் திரை அப்படியே இருக்கும், பெட்டியின் எச்டிஎம்ஐ வயரை அதில் குத்தினால் போதும்.

மூன்றாவது வகையில்தான் ஏமாறுவது சுலபம். ஜப்பானில் பாவித்த ரிவி. "ஜப்பான் முறைதானே வரப்போகிறது, ஜப்பான் ரிவியையே எடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். ஜப்பானில் ஒரு அலைவரிசையின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். இலங்கையின் யூஎச்எப் அலைவரிசைகள் 8 மெகாஹேர்ட்ஸ் கணக்கில் பிரித்தவை. ஜப்பானியர் படத்தைச் சுருக்கி அனுப்புவது எம்பெக்-2 என்ற பழைய முறையில். அதே ஐஎஸ்டிபி-ரியைப் பிரேசில் எடுத்தபோது எம்பெக்-4 முறைக்கு மாற்றிக்கொண்டது. பிறகு சேர்ந்த நாடுகள் பெரும்பாலும் பிரேசிலின் வழியில் போயின. போதாததற்கு ஜப்பான் ரிவியில் பி-காஸ் என்ற சின்ன அட்டை கேட்கும், மின்சாரம் 100 வோல்ற்றில் ஓடும். நம் 230 வோல்ற்றில் நேரே குத்தினால் என்ன நடக்கும் என்று மின்வேலை தெரிந்தவரைக் கேளுங்கள், சிரிப்பார்.

ஆகவே பெட்டி வாங்கும் நாள் எது? திருகோணமலைக்கு டிஜிட்டல் அலை வரத் தொடங்கி, அயலில் ஒரு வீட்டிலாவது அது வேலை செய்வதை நீங்கள் கண்ட பிறகு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெட்டிக்கு உண்டா என்று கேளுங்கள். பல நாடுகளில் வருமானம் குறைந்த வீடுகளுக்குப் பெட்டியை அரசே கொடுத்தது. பிரேசில் சமூக உதவி பெறும் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சிங்கப்பூரும் அப்படியொரு திட்டம் வைத்தது. இங்கும் அப்படி ஏதும் அறிவித்தால் விபரம் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் வரும். முந்திக்கொண்டு வாங்கியவருக்கு ஒருவரும் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.

கூரை

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை கூரையில் இருக்கிறது. அதற்கு முறை எது, தவணை எது என்ற கேள்வியே இல்லை.

அனலொக்கில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், உப்புத் தூவியதுபோல் இரையும். ஆனாலும் செய்தி கேட்கலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை இல்லை. ஒரு அளவுக்கு மேல் அலை வந்தால் படம் கண்ணாடி மாதிரி. அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பாகிவிடும். சுருக்கமாகச் சொல்வதானால், இன்றைக்கு யூஎச்எப் சனல்களில் லேசாகப் புள்ளி விழும் வீட்டுக்கு டிஜிட்டல் நன்றாகவே வர வாய்ப்புண்டு. ஆளின் முகமே மங்கும் அளவுக்குப் புள்ளி விழும் வீடு அன்ரனாவை உயர்த்தவோ மாற்றவோ வேண்டிவரும்.

திருகோணமலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாம் பெருமை பேசுவதற்குக் காரணமான அந்தக் குன்றுகளே ரிவி அலைக்குக் குறுக்கே நிற்பவை. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி பல காலம் இங்கே ஒரு அஞ்சல் நிலையம் வைத்து ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. அந்தச் சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து போகும். ரிவி அலை அப்படியல்ல, கிட்டத்தட்டக் கண் பார்க்கும் நேர்கோட்டில் போகிறது. ஆகவே ஓர்ஸ் ஹில்லின் உச்சியில் உள்ள வீட்டுக்கும் அதன் அடிவாரத்தில் மறைப்பில் உள்ள வீட்டுக்கும் ஒரே அன்ரனா ஒரே பலனைத் தராது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணல் சமதரை. மூதூரும் கிண்ணியாவும் குடாவைச் சுற்றிய தாழ்நிலம். கடல் மேலால் வரும் அலைக்கு மறைப்பில்லை, ஆனால் பூமியின் வளைவு உண்டு. 10 மீற்றர் உயரத்தில் கட்டிய அன்ரனாவுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். 5 மீற்றருக்கு இறக்கினால் அது 9 ஆகிவிடும். தூரத்துக் கோபுரத்தை நம்பி இருப்பவர் கம்பத்தின் நீளத்தில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

குன்றிலும் எண்ணெய்த் தாங்கியிலும் கப்பலிலும் பட்டுத் திரும்பும் அலையால் சிலருக்கு இன்று ஒரு முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் நிழலாகத் தெரியும். அந்தக் குறை டிஜிட்டலில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சற்றுப் பிந்தி வரும் எதிரொலியைத் தாங்கும்படி, ஒவ்வொரு துணுக்குத் தகவலுக்கும் இடையே ஒரு இடைவெளி விட்டுத்தான் இந்த முறையில் அனுப்புகிறார்கள். மலை எதிரொலியோடு இவ்வளவு காலமும் சண்டை பிடித்தவர்களுக்கு இந்த மாற்றத்தில் கிடைக்கும் பெரிய இலாபம் இதுதான்.

அன்ரனாவின் குறுக்குக் கம்பிகளை அளந்து பாருங்கள். முழங்கையைத் தாண்டி, 70, 80 சென்ரிமீற்றர் நீளமாக இருந்தால் அது விஎச்எப் அன்ரனா, பழைய ரூபவாஹினிக் காலத்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, 20 முதல் 30 சென்ரிமீற்றர் என்றால் யூஎச்எப். உலகில் பெரும்பாலான நாடுகள் டிஜிட்டலை யூஎச்எப்பில்தான் விட்டிருக்கின்றன. ஆகவே உங்களிடம் நல்ல யூஎச்எப் அன்ரனா இருந்தால் அதுவே போதும். "டிஜிட்டல் அன்ரனா" என்று பளபளக்கும் பெட்டியில் போட்டு வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். அலைக்கு அனலொக் அன்ரனா, டிஜிட்டல் அன்ரனா என்ற பேதம் கிடையாது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் ஊரில் அன்ரனாவைக் கொல்வது உப்பு. கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் உள்ள வீட்டில், அலுமினியக் கம்பியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதை இரும்பு ஆணியால் முறுக்கியிருந்தால் இரண்டு உலோகமும் சேரும் இடம்தான் முதலில் அரிக்கும். துருப்பிடிக்காத உருக்கு ஆணி கொஞ்சம் விலை கூட, ஆனால் அதைப் போடுங்கள். வயரின் செப்பு பச்சையாகியிருந்தால் வெட்டி எறியுங்கள். மழைநீர் ஒருமுறை வயருக்குள் புகுந்துவிட்டால் அதைக் காய வைத்து மீட்க முடியாது. பழைய தட்டை வயர் இன்னும் இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது: 75 ஓம் வட்ட வயர், ஆர்ஜி-6 என்று கேளுங்கள். இணைப்பை வெறும் இன்சுலேஷன் ரேப்பால் சுற்றிவிட்டு இறங்குவதுதான் எங்கும் நடப்பது. ஒரு கச்சான் வெயிலில் அது உரிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டும் றப்பர் நாடாவால் இழுத்துச் சுற்றி, அதன்மேல் மற்றதைச் சுற்றவேண்டும். வயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ரிவிக்குள் போகாது.

பூஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. அதை ரிவிக்குப் பின்னால் பூட்டுவது வீண், ஏனெனில் வயரில் தேய்ந்துபோன அலையையும் இரைச்சலையும் சேர்த்தே அது பெரிதாக்கும். கம்பத்தில், அன்ரனாவுக்கு அருகில் பூட்டவேண்டும். கோபுரத்துக்குக் கிட்ட உள்ள வீட்டில் பூட்டவே கூடாது. அலை கூடிப்போனாலும் டிஜிட்டல் படம் உடையும். அலை காணாது என்று நினைத்து இன்னும் பெரிய பூஸ்டர் வாங்குகிற ஆட்கள் உண்டு.

வேலைக்குக் காலம் பார்த்து ஏறுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி. வாடை தொடங்குவதற்கு முன், ஒரு காலை வேளை நல்லது. அஸ்பெஸ்ரஸ் கூரையில் கால் வைக்காதீர்கள். பழகியவரும் அதில்தான் உடைந்து விழுகிறார். ஏணியும் பலகையும் வைத்துத்தான் ஏறவேண்டும். மின்சார சபையின் வயர் பக்கத்தில் போகிறதென்றால், கம்பம் எந்தப் பக்கம் சரிந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் நாட்டுங்கள். அந்த இடம் உங்கள் வளவில் இல்லையென்றால் அன்ரனாவை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். படம் இல்லாமல் இருப்பது பெரிய இழப்பல்ல.

எச்சரிக்கை மணி

ஐஎஸ்டிபி-ரியில் நம் கரைக்கு மெய்யாகவே பயன்படும் ஒரு அம்சம் உண்டு. அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு. பெட்டி அணைத்து வைத்த நிலையில் இருந்தாலும், நிலையம் ஒரு குறியை அனுப்பினால் அது தானாக எழுந்து எச்சரிக்கையைக் காட்டும். ஜப்பானில் இந்த ஏற்பாடு அனலொக் காலத்திலேயே, 1985-இல் தொடங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து, ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையைத் தொட இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. அந்த இடைவெளியில் கரைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தால் ஏறியபோது முன்கூட்டியே செய்தி வந்தது, சனம் இடம்பெயர்ந்தது. எச்சரிக்கையின் பெறுமதியைப் பற்றி இங்கே ஒருவருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாப் பெட்டியிலும் இந்த வசதி இருக்காது. மலிவான பெட்டிகளில் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வாங்கும்போது இதைத் தனியாகக் கேளுங்கள். வசதி இருந்தாலும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் பெட்டி எழும்பாது. மின்சாரம் போனாலும் அப்படியே. 12 வோல்ற் அடப்டரில் ஓடும் பெட்டியாகப் பார்த்து எடுத்தால் வாகன பற்றரியிலும் ஓட்டலாம், ரிவியும் 12 வோல்ற்றாக இருந்தால். எது இருந்தாலும் பற்றரி வானொலி ஒன்று வீட்டில் கட்டாயம். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதுவே நம்பிக்கை. கைத்தொலைபேசியில் ரிவி பார்க்க இந்த முறையில் ஒரு சிறு பகுதியைத் தனியாக ஒதுக்குவார்கள், ஆனால் அதைப் பிடிக்கும் சில்லு நம் கடைகளில் விற்கும் சாதாரண போன்களில் இல்லை.

தமிழுக்கு என்ன கிடைக்கும்

ஒரு அனலொக் அலைவரிசையில் ஒரு சனல்தான் போகும். நேத்ராவும் சனல் ஐயும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து எடுத்தது இதனால்தான். டிஜிட்டலில் அதே அகலத்தில் பல சனல்களை அடுக்கலாம். ஒரே படத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு ஒலி வைத்து ரிமோட்டில் மாற்றிக்கொள்ளவும் முடியும். மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்த மாவட்டத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும். முடியும் என்பது வேறு, செய்வார்கள் என்பது வேறு. இடம் கிடைத்ததற்காக நிகழ்ச்சி தானாகப் பிறக்காது, அதற்குத் தயாரிப்புச் செலவு வேண்டும். ஆகவே "தமிழ்ச் சனல் கூடப்போகிறது" என்று மட்டும் நம்பிப் பெட்டிக்குப் பணம் கட்டவேண்டாம்.

அலை மாறும் நாட்கள்

எந்த நாடும் ஒரே இரவில் மாறவில்லை. சில காலம் இரண்டு அலையும் சேர்ந்து போகும். உங்களுக்கான அவகாசம் அதுதான். ஜப்பான் நாடு முழுவதையும் 2011 யூலை 24 அன்று மாற்றுவதற்குச் சரியாக ஒரு ஆண்டு முன்னர், நோட்டோ தீபகற்பத்தின் முனையில் உள்ள சுசு என்ற சிறு கரையோர நகரத்தில் மட்டும் அனலொக்கை நிறுத்திப் பார்த்தது. அதற்கும் முன்னால், 48 மணித்தியாலம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டு ஒரு ஒத்திகையும் நடந்தது. 2011 நிலநடுக்கத்தில் அடிபட்ட இவாத்தே, மியாகி, புகுஷிமா மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை தவணை நீட்டினார்கள். அமெரிக்கா 2009 பெப்ரவரியில் நிறுத்துவதாக இருந்தது. பெட்டிக்கான மானியச் சீட்டுக் கிடைக்காமல் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்கவே யூன் 12-க்குத் தள்ளிப்போட்டது. இங்கும் தவணை நீளலாம். அதை நம்பிக் கடைசி வாரம் வரை அன்ரனாவைத் திருத்தாமல் இருந்தால், ஊரில் உள்ள அன்ரனா வேலைக்காரர் எல்லோரையும் அதே வாரத்தில் தேடவேண்டிவரும்.

பெட்டியைப் பூட்டும்போது பழைய குழாய் ரிவியையும் விட்டுவிடத் தேவையில்லை. பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை இருந்தால் அதில் குத்தலாம், பெட்டியிலும் அதே மூன்று துளை இருக்கவேண்டும். அன்ரனாத் துளை மட்டுமே உள்ள மிகப் பழைய ரிவிக்கு இடையில் ஆர்எப் மொடுலேற்றர் என்ற சிறு கருவி வேண்டும். அதன் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எறிவதாக இருந்தால் உடைத்துக் கடற்கரையில் போடாதீர்கள். குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. இலத்திரனியல் கழிவு சேர்க்கும் நாளை நகரசபையிலோ பிரதேச சபையிலோ கேட்டு அன்றைக்குக் கொடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ரிமோட்டில் தானியங்கித் தேடலைப் போடுங்கள். நாடும் இடமும் கேட்டால் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். தவறான நாட்டைக் கொடுத்தால் அலைவரிசைக் கணக்கே மாறி ஒன்றும் அகப்படாது. எதிர்பார்த்த சனல் கிடைக்காவிட்டால் அலையின் பலத்தையும் தரத்தையும் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் ரிவிக்கு முன்னால் இருக்க, மற்றவர் கம்பத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பட்டும். திருப்பி நிறுத்தி, இலக்கம் மாறுவதற்கு ஐந்தாறு விநாடி கொடுங்கள். அனலொக்கைப் போல் உடனே காட்டாது. பலம் கூடித் தரம் குறைந்திருந்தால் பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். முதல் ஒரு வருடத்துக்கு மாதம் ஒருமுறை தேடலை மறுபடி போடுவது நல்லது. புதிய கோபுரங்களும் சனல்களும் ஒவ்வொன்றாகத்தான் சேரும், பெட்டி தானாக அவற்றைத் தேடிக்கொள்ளாது.